உறுமாத நாய்

நல்லகாமனின் மில்லில் கட்டிக் கிடக்கிற நாய் யாரைப் பார்த்தும் உறுமாது என்பது அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு பெருமையாகவே பேசப்பட்டு வந்தது.

கல்லுப்பட்டியிலிருந்து பேரையூர் போகிற ரோட்டில் நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்தது அந்த மாவு மில். தகரக் கொட்டகை. உள்ளே மூன்று மிஷின். அரிசிக்கும் கேப்பைக்கும் ஒன்று, மல்லிக்கும் மஞ்சளுக்கும் ஒன்று, வாசலை ஒட்டி மிளகாய்க்கு ஒன்று. மாசி பிறந்துவிட்டால் வீட்டுக்கு வீடு வத்தல் காய்ந்து கிடக்கும். வெயில் ஏறுவதற்குள் அரைத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று பெண்கள் விடிந்ததுமே வந்து வரிசை போட்டுவிடுவார்கள். மிளகாய் மிஷின் ஓடும்போது பேச்சு கிடையாது. சேலைத் தலைப்பை மூக்கோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய நிற்பார்கள். நல்லகாமன் மட்டும் இருபது வருஷப் பழக்கத்தில், முகத்தில் துண்டுகூடக் கட்டாமல் மிஷினின் வாயில் வத்தலைத் தள்ளிக்கொண்டிருப்பான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் யாரோ கொட்டகைப் பூட்டை உடைத்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் நாய் வாங்கினான். மனைவி பாண்டீஸ்வரியின் அண்ணன் மலையாண்டிக்கு நாய் விஷயம் தெரியும் என்று பெயர். அவனையும் கூட்டிக்கொண்டு நாட்டு நாய்க்குப் பேர்போன கோம்பைப் பக்கம் போய், மூக்கு கறுத்து உடம்பு சிவந்த ஒரு குட்டியைச் சாக்குப்பையில் போட்டுத் தூக்கிவந்தான். செவலை என்றே கூப்பிட்டார்கள். ஆறு மாதம் வரைக்கும் அது வீட்டுக்குள் செருப்பைக் கவ்விக்கொண்டு திரிந்தது. பிறகு மில் வாசலில், மிளகாய் மிஷின் இருக்கிற சுவருக்கு வெளிப்பக்கம் ஓர் இரும்பு வளையம் அடித்து, நாலு முழச் சங்கிலியில் கட்டிப்போட்டான். திருடன் வந்தால் அந்த வழியாகத்தான் வர வேண்டும்.

வளர வளர அது உறுமத் தொடங்கியது. சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் யாராவது மூட்டையை இறக்கினால், பிள்ளைகள் குறுக்கே ஓடினால், அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வரும். வந்தவர்கள் இரண்டடி பின்னால் போவார்கள். ஊரில் கொஞ்சம் வசதியான வீட்டுப் பெண் ஒருத்தி, இனிமேல் பேரையூரிலேயே அரைத்துக்கொள்கிறேன் என்று சாக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். அன்று சாயங்காலம் நல்லகாமன் தேய்ந்து அறுந்த மிஷின் பெல்ட்டில் ஒரு முழம் வெட்டிக் கைக்கு அடக்கமாக வைத்துக்கொண்டான்.

உறுமினால் அடி. உதட்டைத் தூக்கினால் அடி. மலையாண்டிதான் வழி சொன்னான். சத்தம் வந்த அந்த நொடியிலேயே விழ வேண்டும், நேரம் கழித்து அடித்தால் நாய்க்கு விளங்காது என்றான். மூன்று மாதத்தில் சத்தம் அடங்கிவிட்டது. யார் தாண்டிப் போனாலும் செவலை சும்மா கிடந்தது. ராத்திரியில் குரைத்தது, பகலில் வாயைத் திறக்கவில்லை. நாயை வளர்த்தால் நல்லகாமன் மாதிரி வளர்க்க வேண்டும் என்று வந்துபோகிறவர்கள் சொன்னார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஒருவன், தன் நாயையும் இப்படிப் பழக்கித்தர முடியுமா என்று கேட்டு வந்தான். நல்லகாமனுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

பாண்டீஸ்வரி ஒன்றைக் கவனித்திருந்தாள். கூட்டம் சேர்ந்தால் நாய் கொட்டாவி விட்டது. பிள்ளைகள் கிட்டே போனால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டது. தூக்கம் வருகிறது போல என்று புருஷனிடம் சொன்னாள். ராத்திரி முழிப்பு, பகலில் தூக்கம், வாட்ச்மேன் வேலைதானே என்று அவன் சிரித்தான்.

பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணிக்குக் கரண்டு போய்விட்டது. மிஷின் ஓய்ந்ததும் காது அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. ஏழெட்டுப் பெண்கள் கொட்டகை நிழலில் ஒதுங்கினார்கள். அதில் முத்துத்தாயும் ஒருத்தி. ஊருக்குத் தெற்கே காலனியில் வீடு. அம்பது வயதுக்கு மேல் ஆகிறது. கரிசல் காட்டில் பருத்தி எடுப்பதுதான் மாசி பங்குனியில் அவளுக்கு வேலை. அவள் எடுத்த பருத்தியில் தூசி இருக்காது என்று காட்டுக்காரச் சம்சாரிகள் தேடிவந்து கூப்பிடுவார்கள். மில்லுக்கு வரும்போதெல்லாம் இடுப்பில் முடிந்து வைத்திருக்கிற வர்க்கியில் பாதியைப் பிய்த்துச் செவலைக்குப் போடுகிறவளும் அவள்தான்.

அவள் தன் நாலு கிலோ வத்தலைச் சுவரோரம் இறக்கினாள். நாயின் தட்டு பக்கத்தில் இருந்தது. காலையில் வைத்த சோறு அதில் பாதி அப்படியே கிடந்தது. சாக்கு கிழிசல். வத்தல் சிந்தித் தட்டில் விழுந்துவிடும் என்று நினைத்தாள். செவலை எழுந்து நின்றது. வால் தூக்கி ஆடியது.

"வால ஆட்டுது பாரு. என்னையத் தெரியுது அதுக்கு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டே குனிந்து, தட்டை நகர்த்திவைக்கக் கையை நீட்டினாள்.

சத்தமே வரவில்லை. நாய் கடித்தபோது முத்துத்தாய்கூட முதலில் கத்தவில்லை. வலது கைக் கட்டைவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு அது விடாமல் நின்றது. பெண்கள் அலறிய பிறகுதான் நல்லகாமன் பின்பக்கத்திலிருந்து பெல்ட் துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். பெல்ட்டைப் பார்த்ததும் நாய் கையை விட்டுவிட்டுத் தரையோடு தரையாக ஒட்டிப் படுத்து மூத்திரம் பெய்தது.

அவன் அதை அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ ஒருத்தி, நாய்க்கடிக்கு இதுதான் மருந்து என்று மிளகாய்ப்பொடியை அள்ளி முத்துத்தாயின் புண்ணில் அப்பிவிட்டாள். அப்போதுதான் அவள் கத்தினாள்.

பாண்டீஸ்வரி ஆட்டோ பிடித்து அவளைக் கல்லுப்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நல்லகாமன் வண்டியில் பின்னாலேயே போனான். நர்சம்மா குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் அந்தப் பொடியைக் கழுவினாள். முத்துத்தாய் சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். ஊசி போட்ட டாக்டர், கடி ஆழமாக இருக்கிறது, நரம்பு அறுந்திருக்கலாம், மதுரைக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லி ஆம்புலன்சுக்கு எழுதினார். எழுதிக்கொண்டே நாயை என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

அடித்துக் கொல்லச் சொல்லிவிட்டு வந்திருப்பதாக நல்லகாமன் சொன்னான். மலையாண்டி கடப்பாரையோடு மில்லுக்குப் போயிருந்தான்.

"மொதல்ல போனப் போட்டு நிறுத்துங்க. ஊசி எப்பிடியும் போட்டுருவோம். ஆனா பத்து நாளைக்கு அந்த நாய் உசுரோட இருக்கணும். அதுக்கு வெறி இருந்தா அதுக்குள்ள காட்டிக்கொடுத்துரும். தெனமும் திங்கிதா, தண்ணி குடிக்கிதா, கொரல் மாறுதான்னு நீங்கதான் பாக்கணும்" என்றார் டாக்டர்.

நல்லகாமன் வெளியே ஓடிப்போய் மலையாண்டியைப் போனில் நிறுத்தினான். முத்துத்தாயை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் போனது. அவள் புருஷன் கருப்பு காட்டிலிருந்து வந்த கோலத்திலேயே, கையில் பருத்திப் பஞ்சு ஒட்டியிருக்க, கூட ஏறிக்கொண்டான்.

மறுநாள் காலையில் கால்நடை மருந்தகத்துக்குப் போனான். அங்கே இருந்த டாக்டர் தமிழ்வாணிக்கு முப்பது வயது இருக்கும். வெறிநோய்த் தடுப்பூசி போட்ட சீட்டு இருக்கிறதா என்று கேட்டாள். குட்டியில் ஒன்று போட்டது, பிறகு போடவில்லை என்றான். அவள் தலையைத் தூக்கி அவனை ஒரு தடவை பார்த்தாள். திட்டவில்லை. மதியம் அவளே ஸ்கூட்டியில் மில்லுக்கு வந்தாள்.

நாயைத் தொடாமல் தூரத்தில் நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். மிஷினைப் போடச் சொன்னாள். சுவர் அதிர்ந்தது. ஜன்னல் வழியாக வந்த நெடியில் அவளே தும்மினாள். நாய் தலையைச் சுவர் பக்கம் திருப்பிக் கண்ணை இடுக்கிக்கொண்டது.

"எத்தன வருசமா இங்க கட்டியிருக்கீங்க?"

"ரெண்டரை வருசம் இருக்கும் டாக்டரம்மா."

"பகல் பூராமா?"

"ஆமா."

"கடிக்கிறதுக்கு முன்னாடி உறுமுச்சா?"

"இல்லம்மா. நம்ம நாய் உறுமாது."

அதைச் சொல்லும்போதுகூட அவன் குரலில் பழைய பெருமை கொஞ்சம் ஒட்டியிருந்தது. எப்படி உறுமாமல் போனது என்று அவள் கேட்டாள். அவன் சொன்னான். பெல்ட் துண்டையும் காட்டினான். அவள் அதைக் கையில் வாங்கவில்லை.

"உறுமல் நின்னுருச்சு. சரி. கோவம் நின்னுச்சா? பயம் நின்னுச்சா?"

அவன் பெல்ட் துண்டைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டான்.

"கிட்ட வராத, எனக்குப் பயமா இருக்குன்னு அது வாயால சொல்லிக்கிட்டு இருந்துச்சுண்ணே. சொன்னா அடி விழும்னு நீங்க பழக்கிட்டீங்க. அது சொல்றத விட்டுருச்சு. பயத்த விடல. அடுத்து அது என்னதான் செய்யும்?"

முத்துத்தாயைப் பார்த்து வாலை ஆட்டியதே என்று அவன் கேட்டான். நேற்றிலிருந்து ஊரில் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். வாலை ஆட்டிக்கொண்டே கடித்த நாய், நம்பவைத்துக் கடித்த நாய். தமிழ்வாணி தன் கையையே வாலாக வைத்துக்கொண்டு காட்டினாள். உடம்பு முழுக்கக் குழைந்து இடுப்போடு சேர்ந்து ஆடினால் அது சந்தோஷம். வால் கம்பிபோல் மேலே நின்று நுனி மட்டும் வெடுக் வெடுக்கென்று ஆடினால், கால் நகராமல் வாய் மூடியிருந்தால், அது வேறு. கொட்டாவியும் அப்படித்தான். தூக்கத்தில் வருகிற கொட்டாவி உண்டு, நெருக்கடியில் வருகிற கொட்டாவி உண்டு. கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது, எல்லாம் அது சொல்கிற பேச்சுதான் என்றாள்.

நாயை இங்கிருந்து எடுத்து, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் அடைப்புப் போட்டு விடச் சொன்னாள். பத்து நாளும் ஒரே ஆள் சோறு வைக்க வேண்டும். கையை ஓங்கக் கூடாது. நேராகப் போய் நிற்கக் கூடாது, பக்கவாட்டில் உட்கார வேண்டும். அதுவாக வந்தால் வரட்டும். கிளம்பும்போது ஒன்று கேட்டாள். கடிபட்ட அம்மாவுக்குக் கை எப்படி இருக்கிறது என்றாள். மதுரை பெரியாஸ்பத்திரியில் இருக்கிறாள், பாண்டீஸ்வரி கூட இருந்துவிட்டு வந்தாள் என்று நல்லகாமன் சொன்னான்.

மில்லுக்குப் பின்னால் புளியமரத்தடியில் பழைய தகரங்களையும் கம்பி வலையையும் கட்டி அடைப்புப் போட்டான். நாயைச் சங்கிலியோடு இழுத்துப்போய் உள்ளே விட்டு, வெளியே ஓர் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான்.

முதல் இரண்டு நாளும் அவன் பார்க்க நாய் சோற்றைத் தொடவில்லை. வெறி வந்துவிட்டதோ என்று தண்ணீர்ச் சட்டியைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். அவன் எழுந்து உள்ளே போனபிறகு வந்து தின்றுவிட்டுப் போனதைப் பாண்டீஸ்வரிதான் பார்த்துச் சொன்னாள். அவன் இருந்தால் தின்னாது. மூன்றாம் நாள் வெயிலுக்கு முகத்தைத் துடைக்கத் தோளில் கிடந்த துண்டை உருவினான். நாய் காதை மடக்கித் தரையோடு ஒடுங்கியது. இன்னொரு தடவை மெதுவாக உருவிப்பார்த்தான். அதே மாதிரி ஒடுங்கியது. அன்றிலிருந்து துண்டு இல்லாமல் வந்து உட்கார்ந்தான். பாண்டீஸ்வரி தலைப்பை உதறினால் அதற்கு ஒன்றுமில்லை என்பதையும் பார்த்தான்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, மிளகாய் மிஷின் ஓடாத ஒரு பிற்பகலில், செவலை நாலு காலையும் நீட்டிப் பக்கவாட்டில் சாய்ந்து தூங்கியது. தூக்கத்தில் கால் உதறியது, உதடு துடித்தது. நல்லகாமன் மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தான். இரண்டரை வருஷத்தில் அந்த நாய் இப்படிக் கால் நீட்டித் தூங்கி அவன் பார்த்ததில்லை. பகலில் மிஷின் தூங்க விடவில்லை. ராத்திரிக் காவல் என்று அவன் தூங்க விடவில்லை. இதைப் பாண்டீஸ்வரியிடம் சொன்னபோது அவள் கேப்பைக்களியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அந்தப் பொம்பள கையி ரெண்டு வெரலு மடங்காதாம். நேத்து வீட்டுக்கு வந்துட்டா. நாய் தூங்குனதச் சொல்ல வந்துட்டீக" என்றாள்.

கடி புண் என்பதால் உடனே தைக்க முடியாது, ஆறிய பிறகு அறுவை செய்தாலும் பழைய பிடிமானம் வரும் என்று சொல்ல முடியாது என்று மதுரையில் சொல்லியிருந்தார்கள். பருத்திச் சுளையைக் காயிலிருந்து வாங்குவதற்குக் கட்டைவிரலும் அடுத்த விரலும்தான் வேண்டும். அது அவனுக்கும் தெரியும். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தான். நாய் பத்து நாள் தாண்டட்டும், ஒன்றுமில்லை என்று ஆன பிறகு நல்ல சேதியோடு போகலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். போகாமல் இருப்பதற்கு அந்தக் காரணம் வசதியாக இருந்தது.

ஏழாம் நாள் சாயங்காலம் நாய் எழுந்துவந்து வலைக்குள்ளிருந்து அவன் பாதத்தை முகர்ந்தது. அவன் அசையவில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய் நெடி அன்றைக்கு இல்லை.

மில்லில் கூட்டம் பாதியாகக் குறைந்திருந்தது. காலனியிலிருந்து ஒருவரும் வரவில்லை. அங்கிருந்த இளவட்டங்கள் ஸ்டேஷனில் எழுதிக்கொடுக்க வேண்டும் என்று நின்றதாகவும், முத்துத்தாய்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் பேச்சு வந்தது. ஊரில் எல்லோரும் பத்தாம் நாளுக்குக் காத்திருந்தார்கள். மனுஷ ரத்தம் பார்த்த நாயை வைத்திருக்கக் கூடாது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

பத்து நாள் முடிந்த அன்று காலையில் தமிழ்வாணி வந்து பார்த்துவிட்டு, நாய்க்கு நோய் இல்லை என்று எழுதிக்கொடுத்துத் தடுப்பூசியும் போட்டுவிட்டுப் போனாள். அவள் வண்டி ரோட்டில் மறைவதற்குள் மலையாண்டி கயிறோடும் கம்போடும் வந்தான். அடைப்புப் பக்கம் நேராக நடந்தான். வலைக்கு இரண்டடி முன்னால் அவன் நின்றபோது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. சன்னமாக, தொண்டைக்குள்ளேயே, மறந்துபோனதை ஞாபகப்படுத்திக்கொள்வதுபோல. மலையாண்டி கம்பை ஓங்கினான்.

"கம்பக் கீழ போடு மச்சான். அது சொல்லுது. கேட்டுக்கிட்டுப் பின்னால வா" என்றான் நல்லகாமன்.

மலையாண்டி அவனைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"உறுமுனா அடின்னு நான் சொல்லி, நீ அடிச்சு, ஊரே மெச்சுச்சு. இன்னைக்கு உறுமுறதக் கேளுங்குற. சரி மாப்ள, நாய வச்சுக்க. அந்தப் பொம்பளைக்கு என்ன பதில் வச்சிருக்க?"

கயிறைப் புளியமரத்தில் தொங்கவிட்டுவிட்டு அவன் போய்விட்டான்.

அன்று மாலையே நல்லகாமன் காலனிக்குப் போனான். அந்தத் தெருவுக்குள் அவன் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். ஓட்டு வாங்க வந்தவர்களோடு ஒரு தடவை போனது. முத்துத்தாய் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரையை இடது கையால் உருவிக்கொண்டிருந்தாள். வலது கை கட்டோடு மடியில் கிடந்தது. அவனைக் கண்டதும் பழக்கத்தில் எழுந்திருக்கப் பார்த்தாள். உட்காரு என்று சொல்ல வாயெடுத்தவன், உட்காருங்க என்றான். அது இருவருக்குமே புதிதாக இருந்தது. கருப்பு உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு நிலைப்படியில் நின்றுகொண்டான்.

நல்லகாமன் வழியெல்லாம் யோசித்து வந்ததைச் சொன்னான். நாய்க்கு வெறி இல்லை, பயப்பட வேண்டாம் என்றான். நாலு முழச் சங்கிலியைச் சொன்னான், மிஷின் சத்தத்தைச் சொன்னான், கொட்டாவியைச் சொன்னான். வால் எப்படி நின்றால் என்ன அர்த்தம் என்று டாக்டரம்மா காட்டியதுபோலக் கையை வைத்தே காட்டினான். துண்டை உருவினால் அது ஒடுங்குவதையும், ரெண்டரை வருஷம் கழித்துத் தூங்கியதையும்கூடச் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கு நெஞ்சு லேசானது. முத்துத்தாய் கீரை உருவுவதை நிறுத்தியிருந்தாள்.

"அது மேல தப்பு இல்லக்கா" என்று முடித்தான்.

"அது மேல தப்புன்னு நான் சொல்லலையேய்யா. கொல்லுங்கன்னும் நான் யாருகிட்டயும் சொல்லல" என்றாள் முத்துத்தாய்.

முறத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்தாள். பிறகு அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

"புடிக்கலைன்னா நாயி உறுமும், நம்ம ஒதுங்கிக்கிருவோம். பொறந்ததுலருந்து நாயோட இப்பிடித்தேன் பொழங்குறோம். உறுமலயேன்னுதான்யா கைய நீட்டுனேன். அத உறும விடாம அடிச்சு வச்சிருக்கீகன்னு எங்களுக்கு யாரு சொன்னா? மில்லு வாசல்ல எழுதியா போட்டிருந்தீக?"

நல்லகாமன் நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தான்.

"பத்து நாளும் பக்கத்துலயே உக்காந்து பாத்திருக்கீக. திண்டுச்சா, குடிச்சுச்சா, தூங்குச்சான்னு. அது கால உதறுனது வரைக்கும் தெரிஞ்சிருக்கு. நல்லதுதேன். வாயில்லாத சீவன். எனக்கு வாய் இருக்குய்யா. நான் இந்தப் பத்து நாளும் கண்ண மூடல. தெருவுல எந்த நாய் கத்துனாலும் ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. சோத்தப் பெசஞ்சு வாயில வைக்க முடியல, இந்தா இவருதேன் ஊட்டி விடுறாரு. பருத்தி பூராம் வெடிச்சு நிக்கிது, வேற ஆளு எடுக்குது. ஒங்க வீட்டம்மா ரெண்டு தடவ வந்தாக. ஒங்க மில்லுல இருந்து எங்க வீடு எம்புட்டுத் தூரம்? நாய்க்கு எங்க வலிக்கிதுன்னு பாத்தீகள்ல, எனக்கு எங்க வலிக்கிதுன்னு கேக்க ஒரு நா வரலையே."

அவள் அழவில்லை. சொல்லி முடித்ததும் முறத்தை இழுத்து மறுபடியும் கீரையை உருவ ஆரம்பித்தாள். இடது கைக்கு அது வசப்படவில்லை. காம்பும் சேர்ந்து வந்தது. அடுத்த ஊசிக்கு நானே வண்டியில் கூட்டிப்போகிறேன் என்று நல்லகாமன் சொன்னான். பஸ் இருக்கு, நான் போய்க்கிருவேன் என்றாள். கைக்கு ஆகிற ஆஸ்பத்திரிச் செலவை எல்லாம் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். அதற்குக் கருப்புதான் நிலைப்படியிலிருந்து பதில் சொன்னான்.

"பாருங்கய்யா. அத வேணாம்னு சொல்ல எங்களால முடியாது."

நல்லகாமன் எழுந்து வந்தபோது நாற்காலியை எடுக்க யாரும் வரவில்லை.

நாயை அவன் கொல்லவில்லை. அடைப்பைப் பெரிதாக்கினான். விடிவதற்கு முன்னால் வாய்க்கூடு மாட்டிக் கண்மாய்க் கரையில் ஒரு மணி நேரம் நடத்திக்கொண்டு போனான். தின்னும்போது யாரையும் கிட்டே விடவில்லை. நாய் கடிக்கும், கிட்டே வராதீர்கள் என்று மில் வாசலில் சுண்ணாம்பால் எழுதிப்போட்டான். நாய் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. முதுகில் மயிர் பளபளத்தது. பிடிக்காத ஆள் வந்தால் உறுமியது, அவன் வந்தவர்களை விலகி நிற்கச் சொன்னான். சிலர் சிரித்தார்கள். காலனிக்காரர்கள் கல்லுப்பட்டிக்கே போய் அரைத்துக்கொண்டார்கள். பாண்டீஸ்வரி சோறு வைத்தாள், துணி துவைத்தாள், தேவைக்கு மேல் அவனிடம் பேசவில்லை.

கடைசி ஊசி சித்திரையில் வந்தது. அன்று காலையில் நல்லகாமன் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றான். முத்துத்தாய் தனியாக வந்தாள். அவனைக் காணாததுபோல் தள்ளி நின்றாள். பஸ் வந்ததும் முன்பக்கம் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் பின்பக்கம் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வழியெல்லாம் எடுத்து முடிந்த பருத்திக் காடுகள் காய்ந்து கறுத்த மார்க்குச்சிகளாகக் கிடந்தன. அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் எதிரே இருந்த சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரியில் கூட்டம். அவன் முந்திக்கொண்டு போய் வரிசையில் நின்று சீட்டு வாங்கிவந்தான். அவள் அதை இடது கையால் வாங்கிக்கொண்டாள். ஊசி போடுகிற அறைக்குள் அவள் போனபோது, அவன் கதவை ஒட்டி நின்றான். நர்சம்மா அட்டையைப் பார்த்து, இதோடு முடிந்தது என்றாள். மடங்காத விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அட்டையில் எழுதிக்கொண்டே கேட்டாள்.

"கடிச்ச நாய் எப்பிடிம்மா இருக்கு?"

முத்துத்தாய் அன்றைக்கு முதல் தடவையாக நல்லகாமனைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்கும்மா" என்றாள். "ரொம்ப நல்லாப் பாத்துக்கிறாக."

சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு அவனைத் தாண்டி வெளியே நடந்தாள்.